இரண்டு விரலில் மௌத்தான கணவன்மார்

மவுஸை நான் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். யாரும் கேட்டால், அது மாதர் சங்கத்துச் சொத்து, பழுதாகிவிடக் கூடாது என்று சொல்வேன். சங்கத்தின் தலைவி நான். தலைவி சொன்னதற்கு மேல் எங்கள் ஊரில் இரண்டாம் கேள்வி கிடையாது.

உண்மைக் காரணம் வேறு. என் வலது கை நடுங்கும். தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினால் பாதி பீரிசில் நிற்கும். மவுஸைப் பிடித்தால் திரையில் ஓடுகிற அந்த அம்பு, களப்புச் சேற்றில் காலடிச் சத்தம் கேட்ட நண்டு மாதிரி எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. மூன்றாம் வரியைத் தொடப் போவேன், ஒன்பதாம் வரி நீலமாகும். ஒருமுறை ஒன்றையுமே தொடாமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன், அப்போதும் ஒரு பெட்டி திறந்து ஏதோ கேட்டது.

என் மருமகள்தான் சங்கத்தின் செயலாளர். அவள் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"மாமி, அந்தச் சாமான விடுங்க. கீபோர்ட்டாலயே எல்லாம் செய்ய ஏலும். இன்னும் கெதியா ஏலும்."

"இவ்வளவு நாளும் ஏன் புள்ள இதச் சொல்லல்ல?"

"நீங்க கேட்டாத்தானே. நீங்க அதோட சண்டை புடிச்சிட்டு இருந்தீங்க."

அன்றைக்கு மவுஸ் அலுமாரிக்குள் போனது.

நான் மூன்றாம் வகுப்பு மட்டும் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒரு கல்யாணக் கார்டை நான் வாசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்திருக்கும். இங்கிலீசு எழுத்துகளோ எனக்கு வெறும் உருவங்கள். ஆனால் உருவத்தை நான் மறப்பதில்லை. கொன்ட்ரோல் என்ற பொத்தான் மூலையில் இருக்கிறது, அது எல்லாவற்றுக்கும் பொது. அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, சுருண்டு கிடக்கிற பாம்பைத் தொட்டால் செய்த வேலை பத்திரமாகும். தடியில் கட்டிய கொடியைத் தொட்டால் பிரிண்டர் இழுக்கத் தொடங்கும். வயிறு தள்ளின முதலாளி ஒருவர் இருக்கிறார், அவர்தான் டி. முதலாளி மேலே இருந்துகொண்டு கீழே உள்ள எல்லாருக்கும் ஒரே உத்தரவு போடுவார் அல்லவா, அது போல மேல் கட்டத்தில் உள்ளதை அப்படியே கீழ்க் கட்டங்களுக்கெல்லாம் இறக்கிவிடுவார். கடைசியாக, கால் முறிந்து மடங்கிய கதிரை, இஸட். பிழை விட்டால் அதைத் தொட வேண்டும், பிழை இல்லாமலாகும்.

பட்டினத்தில் மாதர் சங்கங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். பட்டியலின் கடைசி வரிக்குப் போங்கள் என்று வகுப்பு நடத்திய பிள்ளை சொன்னது. படித்த பெண்கள் எல்லாம் மவுஸை உருட்டு உருட்டென்று உருட்டினார்கள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கொன்ட்ரோலையும் கீழ் அம்பையும் ஒருமுறை தொட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்தப் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி எங்க படிச்சீங்க?" என்று கேட்டது. "வீட்டில்தான்" என்றேன். ஊருக்கு வந்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒரு வீடு விடாமல் சொன்னேன்.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன்.

யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த நாங்கள் இந்தக் களப்புக் கரையில் குந்தி எத்தனையோ காலமாகிவிட்டது. யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு சனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒருவர் பழைய வீட்டு வளவைப் பார்க்கவென்று போவார், போனவர் அங்கேயே நின்றுவிடுவார். இன்னொருவர் எல்லாச் சாமானையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய், தண்ணீர் சரியில்லை என்று இரண்டே மாதத்தில் அதே லொறியில் திரும்பி வருவார். ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் இறைச்சி பங்கிடுகிற பட்டியல் பள்ளிவாசலில் ஒரு கொப்பியில் இருந்தது. அதில் எழுத்தை விட வெட்டுத்தான் கூட.

அந்தக் கொப்பியை வைத்திருந்தவர் என் மாமா மகன், எனக்கு மச்சான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் காரியதரிசி, ஓய்வு பெற்ற வாத்தியார். கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். ஆனால் சிவப்புப் பேனையால் ஒரு கோடு, நீலப் பேனையால் ஒரு கோடு, ரூலர் சரிந்தால் மறுபடி முதலிலிருந்து என்று மூன்று நாள் எடுப்பார். அவ்வளவு அழகான பட்டியலில் போன பெருநாளைக்குப் பின் ஒழுங்கைச் சந்தில் இருந்த இரண்டு விதவைகளின் பெயர் விடுபட்டுப் போனது. அவர்கள் பொழுதுபட வந்து கேட்டபோது மிஞ்சியிருந்தது எலும்பு.

அந்த ஆற்றாமையில்தான், அடுத்த பெருநாள் நெருங்கியபோது நடந்த பள்ளிவாசல் கூட்டத்தில் பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் இருந்து குரல் கொடுத்தேன்.

"பட்டியல இந்த முறை எங்கட சங்கம் செய்யும். ஒரு காலையில முடிச்சுத் தாறோம்."

மச்சான் சிரித்தது திரையைத் தாண்டிக் கேட்டது. "மச்சி, பட்டியல் எண்டா மீன் ஆயிற மாதிரி இல்ல."

"ஓம் மச்சான். மீன் ஆயத் தெரிஞ்சிருந்தா நீங்க ரெண்டு பேருக்கு முள்ள மட்டும் குடுத்திருக்க மாட்டீங்க."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. மௌலவி நடுவில் புகுந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், பகல் லுஹர் தொழுகைக்கு முன் பட்டியல் பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். சரியாக இருந்தால் இனி எப்போதும் அது பெண்களிடம். பிழை இருந்தால் கொப்பி மச்சானிடமே திரும்பும், அதற்குப் பிறகு யாரும் கதைக்கக் கூடாது.

மருமகள் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி எல்லாவற்றையும் தட்டி முடித்தாள். நூற்று நாற்பது சொச்சம் வீடு. ஆண்களின் கொப்பியில் ஆம்பிளை பெயர்தான் இருந்தது. எங்கள் பட்டியலில் வீட்டுக்காரியின் பெயர். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அவளுடைய கணவர் உயிரோடு இருந்தால் 'ஹயாத்து', இல்லையென்றால் 'மௌத்து'. கணவர் மௌத்தான பன்னிரண்டு பேரையும் பட்டியலின் தலைமேல் வைத்தோம், அவர்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பதற்காக. கடைசிக் கட்டத்தில் பங்கு வாங்க வேண்டிய இடம்.

குறித்த அந்த நாள் காலையில், கனமூலையில் இருக்கிற மருமகளின் உம்மா கிணற்றடியில் சறுக்கி விழுந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. மருமகள் அபாயாவைப் போட்டுக்கொண்டே ஓடினாள். ஒரே ஒரு வேலைதான் மிச்சம். போன முறை போலப் பாடசாலை என்று அவள் தட்டியிருந்தாள், இந்த முறை பள்ளிவாசல் முற்றத்தில் என்று பிறகுதான் முடிவானது. அந்தக் கடைசிக் கட்டங்களை மாற்ற வேண்டும்.

"மாமி, முதல் வரியில மட்டும் மாத்திட்டேன். மத்ததெல்லாம் அஸருக்கு வந்து செய்றேன். நீங்க ஒண்டும் தொடாதீங்க!"

ஆட்டோ போய்விட்டது. அஸருக்கா, பின்னேரமா? நான் வாக்குக் கொடுத்தது லுஹருக்கு.

லேப்டொப்பின் முன்னால் கதிரையைப் போட்டு அமர்ந்தேன். முதல் வரியின் கடைசிக் கட்டத்தில் பச்சைக் கோடு சதுரமாகச் சுற்றி நின்றது. கொன்ட்ரோல், ஷிப்ட், கீழ் அம்பு, பிறகு முதலாளி. கண் மூடித் திறக்கிற வேலை. பிஸ்மி சொல்லிக் கையை வைக்கப் போனேன், வெளியில் மாம்புரி மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டது.

"கீரி மீன் என்ன மாதிரி?" என்று யன்னலால் எட்டிக் கேட்டேன்.

"ராத்தா, இப்பத்தான் வலையால வந்தது!"

"நீ தினமும் இதைத்தான் சொல்ற. கண்ணக் காட்டு பாப்பம்."

"என்ட கண்ணையா மீன்ட கண்ணையா?"

ஒரு கிலோ வாங்கி வைத்துவிட்டு வந்தேன். யன்னலால் எட்டியபோது என் கைக்காப்பு இடது அம்பில் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறது. அது பிறகுதான் தெரிய வந்தது. இரண்டரைப் பவுண் காப்பு, என் கல்யாணத்துக்குப் போட்டது. பச்சைச் சதுரம் ஒரு கட்டம் தள்ளி, கணவன்மாரின் கட்டத்தில் போய் நின்றிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. முதல் வரி ஒரு விதவையுடையது.

கொன்ட்ரோல், ஷிப்ட், கீழ் அம்பு. கடைசி வரை நீலமானது. கொன்ட்ரோல், முதலாளி. கொன்ட்ரோல், பாம்பு. கொன்ட்ரோல், கொடி. பிரிண்டர் இழுத்தது.

சரிபார்க்கவில்லை என்று சொல்லாதீர்கள், பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை ஒரே சொல் வர வேண்டும், அதுதானே கணக்கு. பார்த்தால் மேலிருந்து கீழ் வரை ஒரே சொல், தொழுகையில் வரிசையாகச் சஃப் கட்டி நிற்கிற மாதிரி. அந்த ஒழுங்கைக் கண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாங்கு சொல்ல இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. தாள்களைப் பள்ளி வாசலில், பாங்கு சொல்கிற மோதினாரின் கையில் கொடுத்து, அவர் பசை பூசி ஒட்டும் வரை தெருவோரம் நின்றேன். திரும்பி வருகிற வழியில் மச்சான் வீடு. அவசரப்படாமல் நடந்தேன். அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பட்டியல் ஒட்டியாச்சு. உங்கட ரூலரப் பத்திரமா வையுங்க, முதுகு சொறிய உதவும்."

வீட்டுக்கு வந்து மீனை ஆய்ந்து, குழம்பு வைத்து, சோற்றை இறக்கினேன். தொழப் போன என் கணவர் திரும்பி வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இஞ்ச பாரு புள்ள, நான் எப்ப மௌத்தானேன்?"

"என்ன கதை இது? இப்பத்தானே தொழப் போனீங்க."

"பள்ளியில எழுதி ஒட்டியிரிக்கி. நான் மட்டுமில்ல, ஊரே மௌத்து. உண்ட மச்சானும் மௌத்து. ஒட்டின மோதினாரும் மௌத்து!"

"அவர் வாசிக்காமலா ஒட்டினார்?"

"கண்ணாடி வீட்டிலயாம்."

எனக்குத் தலை சுற்றியது. ஆனால் செய்தி என் தலையை விட வேகமாகச் சுற்றியிருக்கிறது. பக்கத்து வீட்டில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்காரர் உப்பளத்தில் வேலை முடித்துப் பசியோடு வந்திருந்தார். உள்ளே இருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது.

"அந்நிய ஆம்புளைக்குக் கதவு திறக்க ஏலாது. நான் இத்தாவில இரிக்கேன்."

கணவன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் பெண்கள் வீட்டுக்குள் ஒதுங்கி இருக்கிற அந்த இத்தாவைத்தான் சொல்கிறாள்.

"அடியே, நான்தான் உண்ட புருஷன்!"

"அவர் மௌத்து. பள்ளியில ஒட்டியிரிக்கி. பள்ளியில பொய்யா எழுதுவாங்க?"

"பசிக்குதுடி!"

"மௌத்தானவருக்கு என்ன பசி?"

அந்த ஒழுங்கையில் ஏழெட்டு வீட்டில் அன்று பகல் சோறு போடவில்லை. ஒருத்தி பின்பக்க வேலியால் வந்து என் காதில் சொன்னாள், "ராத்தா, அவசரப்பட்டுத் திருத்திடாதீங்க. பெருநாள் வேலை முடியிற மட்டும் இப்பிடியே இரிக்கட்டும்."

நான் சிரிக்கவில்லை. பலகையில் இருந்து உரித்த தாள்களை, பசை ஈரத்தோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மச்சான் வந்துகொண்டிருந்தார். முகத்தில் பெருநாள். பின்னால் மௌலவி. அவருக்கும் பின்னால் பசித்த கணவன்மார் ஒரு பத்துப் பதினைந்து பேர். மச்சானின் கக்கத்தில் அந்தக் கொப்பியும் ரூலரும்.

"மௌத்தோட விளையாடுறது நல்லதில்ல" என்று மௌலவி வேலிப் பக்கம் பார்த்து ஒரு சொல் சொன்னார். சொல்லிவிட்டுத் தாடியைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார்.

மச்சான் தாள்களை என் முன்னால் விரித்தார். "மச்சி, ஒண்டே ஒண்டு கேக்கன். அடிச்ச பிறகு நீங்க இத வாசிக்கல்லயா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மருமகள் தட்டியது, எனக்குத் தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. அவளோ கனமூலையில் உம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பாள். அவள் தட்டியதில் ஒரு புள்ளி பிழையில்லை.

"வாசிக்கல்ல" என்றேன். "நான் வாசிக்கிறதெண்டா பொழுதுபட்டு மஃரிப் ஆகும். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க ஏலும்."

இத்தனை வருடம் தலைவியாக இருந்து, ஊருக்குள் நான் இதைச் சொன்னது அன்றைக்குத்தான். என் கணவர்தான் பின்னால் இருந்து, "அதுக்கென்ன, நான் மௌத்தானவன், என்னாலயும் வாசிக்க ஏலாது" என்றார். கூட்டம் சிரித்தது.

மச்சான் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, கொப்பியைத் திறந்து, ரூலரை வைத்தார். "பிழை இருந்தா கொப்பி என்னட்ட. மௌலவிட தீர்ப்பு. இப்ப தொடங்கினா..." என்று விரல் மடித்தார். மூன்று விரல் மடிந்தது.

"பெருநாள் நாளண்டைக்கு" என்றார் மௌலவி.

"அப்ப இந்தத் தாளிலேயே வெட்டி எழுதுறன். மௌத்த வெட்டி ஹயாத்து." சிவப்புப் பேனையை எடுத்தவர், மேல் வரியிலேயே வெட்டத் தொடங்கினார்.

"மச்சான், நில்லுங்க! அது உண்மையான மௌத்து!"

பேனை நின்றது. எது உண்மை, எது என் காப்பு செய்தது என்று தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கணவன்மார் ஒவ்வொருவராக, "நான் ஹயாத்து, என்னைப் போடுங்க" என்று கைதூக்கத் தொடங்கினார்கள். கடலுக்குப் போனவனுக்காக யார் சொல்வது என்று ஒரு சண்டை கிளம்பியது.

நான் லேப்டொப்பைப் பார்த்தேன். அணைக்கவில்லை. அணைக்க எனக்குப் பயம், அதனால் அது அப்படியே திறந்து கிடந்தது. ஒன்றையும் அதற்குப் பிறகு தொடவுமில்லை.

"தள்ளுங்க மச்சான்" என்றேன். "எல்லாரும் திரையப் பாருங்க."

முக்காட்டைச் சரிசெய்தேன். கொன்ட்ரோல் பொத்தானைப் பிடித்தால் என் கை நடுங்காது, ஏனென்று தெரியவில்லை. முறிந்த கதிரையைத் தேடி எடுத்து ஒரு தொடு தொட்டேன்.

ஒரு நொடியில் ஊர் எழும்பிவிட்டது. மேலிருந்து கீழ் வரை ஹயாத்து, ஹயாத்து, ஹயாத்து. பின்னால் நின்றவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஒருவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தமும், "வாங்க, வந்து தின்னுங்க" என்ற சலிப்பான குரலும் கேட்டது. மேலே இருந்த பன்னிரண்டு வரி மட்டும் மாறவில்லை. அந்தப் பன்னிரண்டு பேருக்கு இந்தப் பொத்தானால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அதை நான் பார்த்தேன், மச்சானும் பார்த்தார். பேனையை மூடினார்.

பச்சைச் சதுரம் கணவன்மாரின் கட்டத்தில் நிற்பதைக் கண்டதும்தான் காப்பு செய்த வேலை எனக்கு விளங்கியது. பிறகு வலது அம்பு ஒன்று. இந்த முறை காப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். கொன்ட்ரோல், ஷிப்ட், கீழ் அம்பு, முதலாளி. கடைசிக் கட்டம் முழுக்கப் பள்ளி முற்றம் ஆனது. மௌலவி மச்சானை வாசிக்கச் சொன்னார். நூற்று நாற்பது சொச்சம் வீட்டையும் அவர் வாத்தியார் குரலில், ஒரு பெயர் விடாமல், சத்தமாக வாசித்தார். பின் ஒழுங்கையில் இருக்கிற அந்த இரண்டு பேரின் பெயரும் வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டார். விடுபட்ட வீடு ஒன்றும் இல்லை.

"பிழை நடந்தது" என்றார் மௌலவி. "ஆனா ஆள விடல்ல. போன முறை பிழை நடக்கல்ல, ஆள விட்டுட்டோம். பட்டியல் ராத்தாவிட்டயே இரிக்கட்டும். ஒட்ட முந்தி வாத்தியார் வாசிக்கணும்."

அஸருக்கு வந்து இறங்கிய மருமகள், வாசலில் இத்தனை செருப்பைக் கண்டு, யார் மௌத்து என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "எல்லாரும்தான், இப்ப சுகம்" என்றேன்.

அந்த ஏற்பாடு இன்றைக்கும் நடக்கிறது. பெருநாளுக்கு முன்னால் மச்சான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து என் இடது பக்கம் கதிரை போட்டு அமர்வார். அவர் வாசிப்பார், நான் பொத்தான் தொடுவேன். அவர் சும்மா வாசிக்க மாட்டார். இந்த ரகரம் பிழை, அந்தக் கொம்பு எங்கே, உங்கள் மருமகளுக்கு யார் படிப்பித்தது என்று இழுத்துக்கொண்டே போவார். நான் பொறுப்பேன். பொறுமை எல்லை தாண்டினால் ஒன்றும் பேசாமல் மேல் அம்பைப் பிடித்துக்கொண்டு அவருடைய வரிக்குப் போவேன். மச்சான் வீடு பள்ளிக்கு அடுத்த வீடு என்பதால், பட்டியலில் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நேர் கீழே அவர் மனைவியின் பெயர்தான் வருகிறது. அவருடைய ஹயாத்துக்கு மேல் கட்டத்தில் இருப்பது மௌத்து.

ஒரு விரலைக் கொன்ட்ரோலில் வைப்பேன். மற்ற விரலை முதலாளியின் வயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன்.

"மச்சி, கைய எடுங்க" என்பார்.

"அந்தக் கொம்பு பிழையா மச்சான்?"

"சரிதான். நல்ல கொம்பு. தேத்தண்ணி இரிக்கா?"